மந்தமங்கலத்து மிஷினுக்கு மூன்று நகல்

மந்தமங்கலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் தரையைக் காட்டி, "இதோ, இங்கேதான்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. நமக்கும் இந்தக் கதைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

அந்த ஊரில் ஒரு குடிநீர் நிலையம். நிலையத்தில் ஒரு பெரிய கூடம். கூடத்தில் ஒரு மிஷின். நாலு பீரோக்களை ஒட்டி ஒட்டி நிறுத்தி, முன்னால் ஒரு டிவியை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். படித்தவர்கள் அதை மெயின்பிரேம் கணினி என்பார்கள். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது மூடுவது என்று எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொண்டது. மனிதர்கள் பார்த்துக்கொண்ட காலத்தில் என்னவெல்லாம் நடந்தது என்பதைச் சொல்லி ஊரின் மானத்தை வாங்க வேண்டாம்.

மிஷினுக்குள் ஒரு கோப்பு உண்டு. காகிதக் கோப்பு இல்லை. மிஷினின் வயிற்றுக்குள்ளேயே எழுதி வைத்த கோப்பு. அமைப்புக் கோப்பு என்று பெயர். மேலத்தெருவுக்கு எந்த நேரம், வண்ணான்குளத் தெருவுக்கு எந்த வால்வு, சந்தைத் தெருவுக்கு எவ்வளவு வேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். காலையில் கண் விழித்ததும் மிஷின் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அந்தக் கோப்பு போய்விட்டால், தான் ஒரு மிஷின் என்பதே அதற்கு நினைவிருக்காது.

மிஷின் கூடத்துக்குத் தலைவர் அம்பலவாணன். நல்ல மனிதர். யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார். எல்லாத் தவறையும் நன்றாக யோசித்த பிறகுதான் செய்வார். அவருக்குக் கீழே மூன்று பேர். மிஷினில் உள்ளதைப் பதிந்து வைக்கும் டேப்புகளைப் பார்த்துக்கொள்ள சூசை. பொத்தான்களைத் தட்ட கோமளம். காவலுக்கு ராக்கப்பன். நாலு பேரும் ஒற்றுமையானவர்கள். ஒருவர் ஒரு பள்ளத்தில் விழுந்தால் மற்ற மூவரும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். உடனே தாங்களும் விழுவார்கள்.

அம்பலவாணனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு கவலை. அவர் மனைவியின் அண்ணன் மாசிலாமணி. பக்கத்து ஊரான கெட்டிக்காரன்பட்டியின் குடிநீர் நிலையத்துக்கு மாசிலாமணிதான் தலைவர். அந்த ஊருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் வேறு யாருமல்ல, அந்த ஊர்க்காரர்களேதான். ஆனால் அவர்களிடம் மிஷின் கிடையாது. மந்தமங்கலத்தில் மிஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து மாசிலாமணிக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் இடி இடித்ததில் மிஷினின் கோப்பு குழம்பிப் போயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து பொறியாளர் மெஹருன்னிசா வந்தார். கண் சிவக்க உட்கார்ந்து, கோப்பு முழுவதையும் புதிதாகத் தட்டி உள்ளே ஏற்றினார். பிறகு நாலு பேரையும் எதிரில் நிற்க வைத்தார்.

"இந்தக் கோப்பு மறுபடியும் போச்சுன்னா என்கிட்டே தெம்பு இல்லை. நல்லாக் கேட்டுக்கோங்க. இதுக்கு மூணு நகல் எடுங்க, பேக்கப்புன்னு சொல்றது, இது போனா அது உதவும். ஒண்ணை இங்கேயே பூட்டி வச்சு, சாவியைப் பத்திரமான இடத்துல வையுங்க. இன்னொண்ணு கட்டடத்துக்கு வெளியே இருக்கணும், இங்கே தீப்பிடிச்சா அங்கே எட்டக் கூடாது. அது எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியவும் கூடாது. மூணாவது அவசரத்துக்குக் கையில இருக்கட்டும். ஒண்ணுல ஒரு மாத்தம் வந்தா உடனே மத்த ரெண்டுலயும் அதே மாத்தத்தைச் செஞ்சுடுங்க, மூணும் எப்பவும் ஒண்ணுபோல இருக்கணும். கடைசியா, நகல் வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை வருவேன். இதெல்லாம் நடக்கலைன்னா மிஷினைக் கழட்டி கெட்டிக்காரன்பட்டிக்கு அனுப்பிடுவேன்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அம்பலவாணன் மிஷினை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மெஹருன்னிசா ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கோமளம் ஒரு தாளை எடுத்தாள். ராக்கப்பன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அக்கா, எழுதாதீங்க. எழுதினா அந்தத் தாள் ரொம்ப முக்கியமானதா ஆயிடும். அப்புறம் அதுக்கும் மூணு நகல் எடுக்கணும்."

"ஆமா, அந்த மூணும் முக்கியமில்லையா? அதுங்களுக்கும் எடுக்கணும்" என்றார் சூசை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது" என்று கோமளம் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

அம்பலவாணன் யோசித்தார். ஆளுக்கு ஒரு பகுதியாக மனப்பாடம் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. பூட்டும் சாவியும் அம்பலவாணனுக்கு. வெளியே வைப்பது ராக்கப்பனுக்கு. கையில் இருப்பதும் மூன்றும் ஒன்றுபோல இருப்பதும் சூசைக்கு. சோதிப்பது கோமளத்துக்கு. அவரவர் பகுதியை அவரவர் முணுமுணுத்துக்கொண்டார்கள். அடுத்தவர் பகுதி காதில் விழுந்து குழப்பிவிடாமலிருக்க ராக்கப்பன் காதில் பஞ்சும் வைத்துக்கொண்டான்.

அப்போது தொலைபேசி மணி அடித்தது. மாசிலாமணி.

"என்ன மாப்பிள்ளே, மிஷின் இங்கே வருதாமே? கூடத்துக்கு வெள்ளையடிச்சுட்டேன். வாசல்ல மாவிலை கட்டட்டுமா, இல்லே வெள்ளிக்கிழமை காலையில கட்டிக்கட்டுமா?"

"மச்சான், உங்க ஊருக்கு மிஷின் வர்றது இந்த ஜென்மத்துல நடக்காது."

"அப்ப மாவிலை பறிச்சதை என்ன பண்றது? சரி, தங்கச்சிகிட்டே சொல்லு. தண்ணி வேணும்னா குடத்தோட அண்ணன் வீட்டுக்கு வரச் சொல்லு."

அம்பலவாணன் தொலைபேசியை வைத்தபோது அவர் மீசை துடித்தது. "மிஷின் இந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகர்ந்தா நான் அம்பலவாணன் இல்லை" என்றார். வேறு யார் என்று மற்றவர்கள் கேட்கவில்லை.

கோமளம் மூன்று டேப்புகளைப் போட்டு மூன்று நகல் எடுத்தாள். மூன்றும் பெரிய அப்பளம் அளவில் வட்டமாக, பளபளவென்று, பிழையில்லாமல் வந்தன. இதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இனி அப்படிச் சொல்ல வாய்ப்பு வராது.

முதல் நகலை அம்பலவாணன் கூடத்து மூலையிலிருந்த இரும்பு பீரோவில் வைத்தார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பீரோ அது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சாவியைப் பத்திரமான இடத்துல வைக்கணும். நம்ம ஆபீஸ்லயே பத்திரமான இடம் எது?"

மூவரும் ஒரே குரலில், "இந்த பீரோதான்" என்றார்கள்.

அம்பலவாணன் சாவியை உள்ளே வைத்தார். பீரோவைச் சாத்தினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "இனிமே நாமே நினைச்சாலும் எடுக்க முடியாது. இதைவிட பத்திரம் வேறென்ன வேணும்?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது நகல் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும்.

"தீயணைப்பு நிலையத்துல வச்சா?" என்றார் அம்பலவாணன். "தீயைப் பத்தி அவங்களுக்குத்தான் தெரியும்."

ராக்கப்பன் பதறிப்போனான். "ஐயா, நான் சின்ன வயசுலேருந்து பார்த்துட்டு வர்றேன். ஊர்ல எங்கெல்லாம் தீப்பிடிச்சுதோ அங்கெல்லாம் அந்தச் சிவப்பு வண்டி நின்னுட்டு இருந்துச்சு. ஒரு இடம் தப்பலை. பஞ்சு மில்லு எரிஞ்சப்ப நின்னுச்சு. வைக்கோல் படப்பு எரிஞ்சப்ப நின்னுச்சு. தீப்பிடிக்காத என் வீட்டுப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை."

"அடப்பாவிகளா" என்றாள் கோமளம். "இவ்வளவு நாளா அவங்களை யாருமே கேட்கலையா?"

"யூனிபார்ம் போட்டிருக்காங்களேக்கா. எப்படிக் கேக்கறது?"

அதனால் தீயணைப்பு நிலையம் வேண்டாம் என்றாயிற்று. வேறு இடம் சொல்ல அம்பலவாணன் வாயைத் திறந்தார். ராக்கப்பன் அதையும் தடுத்தான்.

"சொல்லாதீங்க ஐயா! சொன்னா நமக்குத் தெரிஞ்சுடும். யாருக்கும் தெரியக் கூடாது. கொண்டுபோய் வைக்கிற எனக்கே தெரியக் கூடாது."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டான். டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புறப்பட்டான். கண்ணைக் கட்டிக்கொண்டவனைத் தனியே அனுப்பக் கூடாது என்று கோமளம் துணைக்குப் போனாள். அவளுக்கும் தெரியக் கூடாது இல்லையா? அதனால் அவளும் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் சந்தைத் தெரு வழியாகப் போனார்கள். சந்தை நாள். ஊரே அங்கே இருந்தது.

"ராக்கப்பா, வலது பக்கம் சாக்கடை!" என்று ஒருவர் கத்தினார்.

"கோமளம், எருமை நிக்குது, சுத்திப் போ!"

"என்னடா கையிலே?"

"ரகசியம்!" என்று ராக்கப்பன் ஊருக்கே கேட்கும்படி கத்தினான். "யாருக்கும் தெரியாத இடத்துல வைக்கப் போறேன்!"

"அப்படின்னா பழைய அரிசி ஆலைக்குப் போ. நேராப் போய் இடது கைப் பக்கம். படி இருக்கு, பார்த்து!" என்றார் டீக்கடை செவத்தையா. பார்க்க முடியாத நிலையில் இருந்தாலும் இருவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். கூடவே பத்துப் பதினைந்து பேர் வந்து, டேப்பை எந்த மூலையில் வைத்தால் கரையான் வராது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இருவரையும் திரும்பக் கொண்டுவந்து குடிநீர் நிலையத்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

"எங்கே வச்சே?" என்று கேட்டுப் பார்த்தார் அம்பலவாணன்.

ராக்கப்பன் துண்டை அவிழ்த்தான். "சத்தியமாத் தெரியாதுங்க ஐயா."

அம்பலவாணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூன்றாவது நகல் சூசையின் கையில் இருந்தது. உண்மையாகவே கையில்தான். கையில் இருக்கட்டும் என்றுதான் பொறியாளரம்மா சொன்னார், மேசையில் என்று சொல்லவில்லை. இடது கையில் டேப்பைப் பிடித்தபடியே சாப்பிட்டார், குளித்தார், மாதா கோயிலுக்குப் போய் ஒற்றைக் கையால் கும்பிட்டார். கையைக் கழுவ வேண்டிய இடங்களில் சிரமம்தான். கடமை என்று பொறுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை. சூசை இடது கையில் டேப்பும் வலது கையில் டீயுமாக நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரமும் வலது கையில்தான் கட்டியிருந்தார்.

"சூசை அண்ணே, மணி என்ன?" என்றான் ராக்கப்பன்.

சூசை வலது கையைத் திருப்பி மணி பார்த்தார்.

டீ டேப்பின் மேல் கொட்டியது. மேலே கொட்டியது, உள்ளே இறங்கியது, பின்பக்கம் சொட்டியது.

முதலில் வாய் திறந்தவர் சூசைதான். மனப்பாடம் செய்ததை மறக்கக்கூடிய மனிதரல்ல அவர். "ஒண்ணுல ஒரு மாத்தம் வந்தா உடனே மத்த ரெண்டுலயும் அதே மாத்தத்தைச் செஞ்சுடணும். மூணும் எப்பவும் ஒண்ணுபோல இருக்கணும்" என்றார்.

அம்பலவாணன் யோசித்தார். வேறு வழி தெரியவில்லை. மூன்றும் ஒன்றுபோல இல்லை என்று வெள்ளிக்கிழமை அந்த அம்மா கண்டுபிடித்தால் மிஷின் போய்விடும். மாசிலாமணி மாவிலை கட்டிவிடுவான்.

"டீ கொண்டுவாங்க" என்றார்.

"அதே டீயா இருக்கணும்" என்றார் சூசை. "செவத்தையா கடை டீ. இஞ்சி தட்டிப் போட்டது. சர்க்கரை கம்மி. கொட்டறதுக்கு முன்னாடி நாலு மடக்கு குடிச்சிருந்தேன்." கடையிலிருந்து அதேபோல இரண்டு கிளாஸ் டீ வந்தது.

"அப்ப இந்த ரெண்டு கிளாஸ்லயும் நாலு மடக்கு குடிச்சுட்டுத்தான் ஊத்தணும். குடிங்க, நான் ஒரு கிளாஸ் குடிக்கிறேன்" என்றாள் கோமளம்.

"நீங்க குடிச்சா எப்படி? உங்க மடக்கு வேற, என் மடக்கு வேற. அளவு மாறிடும்."

அதனால் இரண்டு கிளாஸிலும் சூசையே நாலு நாலு மடக்கு குடித்தார். கோமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பீரோ பூட்டியிருந்தது. சாவி உள்ளே. ராக்கப்பன் எங்கிருந்தோ மண்ணெண்ணெய்ப் புனல் ஒன்று கொண்டுவந்து சாவித் துவாரத்தில் செருகினான். அம்பலவாணன் தன் கையாலேயே, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், ஆறவிட்டு ஆறவிட்டு ஊற்றினார். பீரோவுக்குள் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது.

"டேப்பு மேல படுதா பாருங்க" என்றாள் கோமளம்.

சூசை பீரோவில் காதை வைத்துக் கேட்டார். "படுது. நடுவுலயே படுது."

இனி வெளியே இருக்கும் நகல். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலி கிளாஸ்களை எடுக்க வந்த செவத்தையா, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு யோசனை? அந்த ஒரு டீயை நான் அரிசி ஆலையில ஊத்திட்டுப் போறேன். கடைக்குப் போற வழிதானே" என்றார்.

"எந்த இடம்னு சொல்லாதீங்க!" என்று ராக்கப்பன் காதைப் பொத்திக்கொண்டான்.

செவத்தையா போனதும் கோமளம் மெதுவாக மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, நகல் மூணும் டீயோட இருக்கு. மிஷினுக்குள்ள இருக்கிற கோப்பு மட்டும் டீ இல்லாம இருக்கே?"

மிஷின் ஒன்றும் அறியாமல் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அம்பலவாணன் வெகுநேரம் யோசித்தார்.

"அம்மா மூணும் ஒண்ணுபோல இருக்கணும்னுதான் சொன்னாங்க. நாலும்னு சொல்லலை" என்றார்.

மிஷின் அன்று பிழைத்தது.

வியாழக்கிழமை கோமளத்தின் முறை. காலையிலேயே தலைக்குக் குளித்து, பூ வைத்து, பொத்தான் பலகையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நகல் வேலை செய்யுதான்னு சோதிக்கணும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு ஐயா. மிஷினுக்குள்ள கோப்பு இருக்கும்போது நான் நகலைப் போட்டா, மிஷின் ஓடும். அது நகலால ஓடுதா, உள்ளே இருக்கிற கோப்பால ஓடுதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எப்படி?" என்றார் அம்பலவாணன்.

"உள்ளே இருக்கிறதை அழிச்சுட்டாத் தெரிஞ்சுடும்."

சூசை மெச்சுதலோடு தலையாட்டினார். "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்."

அம்பலவாணன் நன்றாக யோசித்தார். "சரி, அழி" என்றார்.

கோமளம் தட்டினாள். திரையில் எழுத்துகள் வந்தன. நிச்சயமாக அழிக்க வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்று மிஷின் கேட்டது.

"மிஷினுக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றான் ராக்கப்பன்.

"சந்தேகம் இல்லே, மரியாதை" என்றார் சூசை. "ஐயாவைக் கேக்காம செய்யக் கூடாதுன்னு கேக்குது."

"இல்லைன்னு சொன்னா?" என்றாள் கோமளம்.

"இப்ப இல்லைன்னு சொன்னா, முடிவெடுக்கத் தெரியாத ஆளுகன்னு அது நம்மளை மதிக்காது" என்றார் அம்பலவாணன். "ஆம்னு போடு. தைரியமாப் போடு."

கோமளம் போட்டாள். மிஷின் ஒரு முறை பெருமூச்சு விட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஊர் முழுவதும் குழாய்கள் கொர்ரென்று இழுத்து நின்றன.

"இப்ப நகலைப் போடு!"

சூசை தன் கையிலிருந்த டேப்பை முதன்முறையாகப் பிரிந்தார். டேப் ஒட்டிக்கொண்டு சுற்றவே மறுத்தது. ஓர் எறும்பு வரிசை அதிலிருந்து இறங்கி மிஷினுக்குள் போயிற்று. கூடம் முழுக்க இஞ்சி வாசனை. "படிக்க முடியவில்லை" என்று திரையில் வந்தது. ராக்கப்பன் கடப்பாரையால் பீரோவை நெம்பித் திறந்தான். சாவி பத்திரமாக இருந்தது. டேப்பைப் போட்டார்கள். படிக்க முடியவில்லை. செவத்தையா அரிசி ஆலையிலிருந்து மீதியிருந்த ஒன்றையும் எடுத்துவந்து கொடுத்தார். படிக்க முடியவில்லை.

சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா பாருங்க, மூணும் ஒண்ணுபோலவே படிக்க முடியலை. அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

அம்பலவாணன் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடினால் மாசிலாமணியின் வாசலில் மாவிலை ஆடியது. கண்ணைத் திறந்தால் கூடத்து வாசலில் குடங்கள் ஆடின. ஊர்ப் பெண்கள் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் மேலத்தெரு பிச்சம்மா.

"யோவ் அம்பலவாணா! எட்டு மணிக்கு எங்க தெருவுக்கு விடணும். எட்டரை ஆச்சு. எங்கேய்யா தண்ணி?"

அம்பலவாணன் திடுக்கிட்டு எழுந்தார். "எட்டு மணின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கே கதை! தினம் பிடிக்கிறவளுக்குத் தெரியாதா? எட்டுக்கு எங்களுக்கு. ஒன்பதுக்கு வண்ணான்குளத் தெரு. அங்கே வேகம் வராது, பாதி வால்வுதான் திறக்கும்."

"சந்தைத் தெருவுக்குப் பத்து மணி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்பலவாணன் கதவைச் சாத்தினார். மற்ற மூவரையும் பக்கத்தில் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கோப்பு அழியலை. களவு போயிருக்கு. மிஷின் வயித்துக்குள்ள இருந்த ரகசியம் அந்தப் பொம்பளைக்கு வரி வரியாத் தெரியுது!"

"அவங்களுக்கு மட்டுமா? ஊருக்கே தெரியுது" என்றான் ராக்கப்பன்.

"பறிமுதல் செஞ்சு மிஷினுக்குள்ள திரும்ப ஏத்திடலாம்" என்றாள் கோமளம்.

பிச்சம்மாவை உள்ளே இழுத்துவந்து முயன்று பார்த்தார்கள். டேப் போடும் இடத்தில் பிச்சம்மாவின் ஒரு கைகூட நுழையவில்லை. அந்தம்மாள் அதற்குச் சம்மதிக்கவும் இல்லை. குடத்தால் ராக்கப்பனின் தலையில் ஒன்று வைத்துவிட்டு, "வால்வு திருகத் தெரியாதவனுக்கெல்லாம் ஒரு மிஷினு!" என்று திட்டியபடி தெருமுனைக்குப் போனாள். அங்கே மிஷின் வருவதற்கு முன்பிருந்த பழைய வால்வு துருப்பிடித்துக் கிடந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திருகினாள். மேலத்தெருவில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து வண்ணான்குளத் தெருக்காரர்கள் ஒன்பது மணிக்குத் தங்கள் வால்வைத் திருகினார்கள், பாதி மட்டும். பத்து மணிக்குச் சந்தைத் தெரு.

வெள்ளிக்கிழமை காலை மெஹருன்னிசாவின் ஜீப் வந்தது. வழியெல்லாம் குழாய்களில் தண்ணீர் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே வந்ததால் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது கூடத்து வாசல்வரை இருந்தது.

"மிஷின் ஓடலையே?"

"ஓடலைம்மா" என்றார் அம்பலவாணன்.

"தண்ணி வருதே?"

"வருதும்மா."

"கோப்பு எங்கே?"

"ஊர்ல இருக்கும்மா. வீட்டுக்கு ஒரு நகல். பெரும்பாலும் மேலத்தெரு பிச்சம்மாகிட்டே இருக்கு. தீப்பிடிச்சா அதுவே எழுந்து ஓடிடும். அதைப் பூட்டி வைக்கத்தான் முடியலை, கடிக்க வருது."

மெஹருன்னிசா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இந்த மிஷின் எதுக்கு?"

இதை அம்பலவாணன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அதுதாம்மா பேக்கப்பு."

மெஹருன்னிசா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்து, "நான் சொன்ன சொல் மாற மாட்டேன். மிஷினைக் கழட்டுங்க. கெட்டிக்காரன்பட்டிக்குப் போகட்டும்" என்றார்.

கோமளம் விசும்பினாள். சூசை, டேப் இல்லாத வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்பலவாணனின் காதுக்குள் மாசிலாமணி சிரித்தான். மீசை துடிக்க ஆரம்பித்தது. திடீரென்று துடிப்பு நின்றது. முகம் மலர்ந்தது.

"ஆகா! பேக்கப்பு கட்டடத்துக்கு வெளியேதானே இருக்கணும்? இத்தனை நாளும் தப்பா உள்ளேயே வச்சிருந்திருக்கோம்! கெட்டிக்காரன்பட்டி சரியான தூரம்மா. இங்கே எவ்வளவு பெரிய தீப்பிடிச்சாலும் அங்கே எட்டாது. நம்ம பேக்கப்புக்கு என் மச்சானையே வாட்ச்மேனாப் போட்டுட்டீங்க. உங்க கையைக் கொடுங்க!"

மெஹருன்னிசா கையைக் கொடுத்தாரா என்பது தெரியவில்லை. ஜீப் கிளம்பிய வேகத்தை மட்டும் ஊர் இன்றும் பேசுகிறது.

லாரி வந்தது. மிஷினுக்கு மாலை போட்டு, ஊரே கூடி வழியனுப்பி வைத்தது. மத்தியானம் தொலைபேசி மணி அடித்தது.

"மாப்பிள்ளே, மிஷின் வந்து இறங்கிடுச்சு" என்றார் மாசிலாமணி. குரலில் சர்க்கரை. "சொன்னேனா இல்லையா? இனிமே எங்க ஊர்தான்!"

"சந்தோஷம் மச்சான். பொறுப்பான வேலை கொடுத்திருக்கோம். பத்திரமா வச்சுக்கோ. அது எங்க பேக்கப்பு."

"பேக்கப்பா? உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை. சுத்தமா துடைச்சு அனுப்பியிருக்கோம். அது அப்படியே இருக்கணும். ஏதாவது கூடினாலோ குறைஞ்சாலோ நீதான் பதில் சொல்லணும்."

மறுமுனையில் மாசிலாமணி மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளே, கூடறது சரி, நான் பார்த்துக்கறேன். குறைஞ்சுட்டா? இந்த ஒரு மிஷின்லதானே இருக்கு? இது கெட்டுப்போச்சுன்னா, அந்த ஒண்ணுமில்லாததை நாங்க எங்கே போய்த் தேடுறது?"

அம்பலவாணனுக்கே இது தோன்றவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சும்மாவா உங்க ஊருக்கு அந்தப் பேரு வச்சாங்க மச்சான்! நீயே பார்த்துச் செய்" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் கெட்டிக்காரன்பட்டியில் புதிய டேப்புகள் வாங்கி, அந்த ஒன்றுமில்லாததற்கு மூன்று நகல் எடுத்து முடித்துவிட்டார்கள். மாசிலாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே உட்கார்ந்து ஒத்துப் பார்த்தார். மூன்றிலும் ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை.